அம்மா போட்ட சர்வீஸ்

ரவுண்ட் ராக்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நான்கு மணி நேரம் கார் ஓட்டி வந்த களைப்பு தீர நீந்திவிட்டு, கால்வெஸ்டன் கடற்கரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தேன். பக்கத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஈரப் பந்தில் உள்ளங்கை படும் ‘பட்’ என்ற சத்தம் கேட்டதும் எனக்குப் பத்து வயதாகிவிட்டது.

தூத்துக்குடிக் கடற்கரை. ஞாயிறு மாலைகளில் அப்பா சூடாகச் சுண்டல் வாங்கித் தருவார். அம்மா அலையில் கால்கூட நனைக்காமல் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். அன்று காலேஜ் பையன்கள் அடித்த பந்து அவள் மடியில் வந்து விழுந்தது. எழுந்து ஒரே அடி. பந்து வலையையும் தாண்டிப் போனது.

பையன்கள் ஓடி வந்தார்கள். “யக்கா, எங்களுக்கு ஒரு ஆளு கொறையுது. வாறீகளா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

“என்னைய எதுக்குப் பாக்க? காலேஜ் கேப்டன்தானே நீ, போ!” என்றார். எனக்கு அது புதுச் செய்தி.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் போனபோது, என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கூசினேன். முதல் சர்வீஸை யாராலும் எடுக்க முடியவில்லை. இரண்டாவதையும்தான். நான்காவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. “அது எங்கம்மா! எங்கம்மா!” என்று தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

பக்கத்தில் படுத்திருந்த மகளிடம் இதைச் சொன்னபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள். “நோ வே, அம்மா! ஆச்சியா? இன் எ சாரி?”

“சேலையிலதான்,” என்றேன். “எதிர்ல ஆறு பேரு. ஒருத்தனாலயும் எடுக்க முடியல.”