அத்தை மறைத்த பேன்

போன மாசம் பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் ஊரை ஒட்டின மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை. லீவு கிடைக்கவில்லை. நான்தான் போனேன். கூடப் படிக்கிற ஒருத்தி பேத்தியைக் கேலி பண்ணி, மற்ற பிள்ளைகளையும் அவளோடு சேரவிடாமல் செய்துவிட்டாளாம். இந்த மாதிரி விஷயத்துக்கென்றே அங்கே ஒரு கவுன்சிலிங் டீச்சர் இருக்கிறார். பாடம் எடுக்க மாட்டார். பிள்ளைகளோடு பேசுவதுதான் வேலை.

அந்தப் பொண்ணுக்கு என்ன தண்டனை கொடுத்தீர்கள் என்று கேட்டுவரச் சொல்லித்தான் மருமகள் அனுப்பினாள். எனக்கு வாய் வரவில்லை. அந்த டீச்சரே சொன்னார்: "தண்டனை எதுவும் குடுக்கலம்மா. உங்க பேத்திகிட்ட தனியா பேசினேன். அந்தப் பொண்ணுகிட்டயும் தனியா பேசிட்டிருக்கேன். அவளுக்கு என்ன கஷ்டம்னு இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா சொல்றா. சிரிச்சிக்கிட்டு வேடிக்கை பாத்த பிள்ளைங்ககிட்டயும் பேசணும்."

சாயந்தரம் இதைக் கேட்டதும் மருமகளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "நல்லாருக்குது! வம்பு பண்ணவளுக்கு உபசாரமா?" என்றாள். ஒன்பது வயசில் நானும் இதே வார்த்தையைச் சொன்னவள்தான்.

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரைவிட்டுப் போய்க் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. கன்னியாஸ்திரிகளை நாங்கள் மாமேர் என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவின் அக்கா, அதாவது எங்களோடேயே இருந்த அத்தை, அங்கே வேலை பார்த்தாள். கூட்டுவது, மணி அடிப்பது, வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குப் பேன் பார்ப்பது. பேன் இருந்தால் அத்தை மாமேரிடம் சொல்லிவிட வேண்டும். உடனே அந்தப் பிள்ளையின் தலையில் வெள்ளைத்துணியைக் கட்டிக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைப்பார்கள். ஒரு வாரத்துக்கு அந்தக் கோலம்.

பேன் பார்க்கிறபோது தலை குனிந்திருக்கும். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. அதனாலோ என்னவோ, பிள்ளைகள் என்னென்னவோ பேசிவிடுவார்கள். அப்பா குடித்துவிட்டு வந்தது, அம்மா சோறு தின்னாமல் படுத்தது, எல்லாம் அத்தைக்குத் தெரியும். வீட்டில் வந்து ஒரு வார்த்தை மூச்சுவிட மாட்டாள்.

என் வகுப்பில் ஒரு சொல்தா வீட்டுப் பொண்ணு இருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவள் தாத்தா அப்படி. அவளுக்குத் தலையில் பட்டு ரிப்பன், காலில் பளபளவென்று சப்பாத்து. ஒரு நாள் அவள் என்னைக் காட்டி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பேன் ஆயா நம்ம தலையில எடுக்கிற பேனெல்லாம் எங்க போவுது தெரியுமா? இவ தலைக்குத்தான். வூட்ல வளக்குறாங்க."

"ஏண்டி, காலையில எத்தினி படி பால் கறந்தீங்க?" என்று இன்னொருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கே கூட ஒரு நொடி சிரிப்பு வந்தது. பிறகுதான் அழுகை.

அன்றைக்கு ஆரம்பித்தது. என் மேல் யாராவது இடித்துவிட்டால் "ஒட்டிக்கிச்சி!" என்று கத்திக்கொண்டு அடுத்தவள் மேல் தடவிவிட்டு ஓடுவாள். மத்தியானம் குழாயடியில் தனியாக உட்கார்ந்து சோறு தின்றேன். பத்து நாள் தாங்கினேன். பதினோராவது நாள் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா அலட்டிக்கொள்ளவில்லை. "பொட்டப்புள்ளதானே. வேணான்னா வுட்டுடு. வூட்டு வேலையக் கத்துக்கட்டும்."

"ஒரு வாரம் பொறு தம்பி," என்றாள் அத்தை. என்னிடம் யார் என்ன செய்தார்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "சோறு துன்னும்போது பக்கத்துல யாரு உக்காருறா?"

"யாருமில்ல."

"சரி, தூங்கு."

மறுநாள் அத்தை என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வந்தது. சொல்தா வீட்டுப் பொண்ணு அத்தை முன்னால் உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் கை எனக்குத் தெரியும். ஒன்றும் இல்லையென்றால் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். அன்றைக்குச் சீப்பு நின்றது. மறுபடி நின்றது. நாலைந்து தடவை நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! அந்தப் பட்டு ரிப்பனுக்கு மேலே வெள்ளைத்துணி எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தே விட்டேன்.

அத்தை சீப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "சுத்தமா இருக்குது. போ கண்ணு," என்றாள்.

அன்றைக்கு மணி அடித்து எல்லாரும் போனபிறகு, அந்தப் பொண்ணைக் கிணற்றடிக்கு வரச் சொன்னாள். நான் அத்தையோடுதான் வீட்டுக்குப் போவேன் என்பதால் வேப்பெண்ணெய்க் கிண்ணத்தைப் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. சடையை அவிழ்த்தால் உள்ளே ஒரே சிக்கு. "எங்கம்மா பிரான்சுக்குப் போயி ஆறு மாசம் ஆவுது. கடுதாசியில தலை வாரிக்கிறியான்னு கேட்டாங்க. ஆமான்னு எழுதிட்டேன்," என்று குனிந்தபடியே சொன்னாள். பக்கத்தில் நிற்கிற என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வழியில் நான் அத்தையிடம் குதித்தேன். "வம்பு பண்ணவளுக்கு உபசாரமா? எனக்குக்கூட இவ்ளோ நேரம் வாருனது இல்ல!"

"கிண்ணத்தக் கொட்டாம எடுத்துக்கினு வா," என்றாள் அத்தை.

திங்களும் செவ்வாயும் இப்படியே நடந்தது. வேப்பெண்ணெய் நாற்றம் தெரியக் கூடாதென்று அந்தப் பொண்ணு புதன்கிழமை தாத்தாவின் ஓடிகோலன் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டாள். சென்டுக் கடைக்குள் எலி செத்த மாதிரி ஒரு வாசனை. மாமேர் உள்ளே வந்ததும் மூக்கைப் பிடித்தார். வேப்பெண்ணெய் அவருக்குத் தப்பவில்லை. "யார் தலையில பேன்?" என்றார்.

எல்லா விரலும் என் பக்கம் நீண்டது. மாமேர் என் தலையை முகர்ந்து, முடியை விலக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஆனால் என் முகத்தில் எதையோ கண்டுபிடித்துவிட்டார். "உனக்குத் தெரியும். யாருன்னு சொல்லு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது. சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், இப்போது பொய் சொல்வானேன். ஆனால் நாற்பது பேர் பார்க்கிறபோது எனக்கு என்றைக்கு நாக்கு புரண்டிருக்கிறது? மத்தியான மணி வரைக்கும் முட்டி போட்டேன்.

குழாயடியில் சோற்றைத் திறந்தபோது சொல்தா வீட்டுப் பொண்ணு வந்து நின்றாள். "நவுந்து உக்காரு," என்றாள். ஜாம் தடவிய ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். மற்றவர்கள் தூரத்தில் நின்று யோசித்தார்கள். அடுத்த வாரத்தில் மூன்று பேராகிவிட்டோம். பெரிய சிநேகிதம் என்றெல்லாம் இல்லை. ஆனால் 'ஒட்டிக்கிச்சி' விளையாட்டை அதன்பிறகு யாரும் விளையாடவில்லை. அஞ்சாவது முடிகிற வரைக்கும் நான் ஒரு நாள்கூட வயிற்றுவலி என்று சாக்குச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்கவில்லை.

அந்தப் புதன்கிழமை ராத்திரி அத்தை என்னை மடியில் இழுத்துப்போட்டு முட்டிக்கு எண்ணெய் தேய்த்தாள். மாமேர் கேட்டதும் நான் வாய் திறக்காததும் அவள் காதுக்கு வந்திருந்தது. தேய்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். முட்டி போட்டதற்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு ஆச்சரியம். பேனைக் கண்டும் மறைத்தது மாமேருக்குத் தெரிந்திருந்தால் அத்தையை அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்கள். அந்த வருஷம் அப்பாவுக்கு வேலை இல்லை, எங்கள் வீட்டில் உலை வைத்ததே அவள் சம்பளத்தில்தான். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொள்ளவும் ரொம்ப வருஷம் ஆனது.

அன்றைக்கு அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "அழாத அத்த, முட்டி வலிக்கவே இல்ல," என்று நான்தான் அவளைத் தேற்றினேன்.