அண்ணியின் பேஸும் காலடியில் ஒரு பெட்டியும்

என் அண்ணிக்குப் பிடிவாதம் அதிகம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அந்தப் பிடிவாதத்தை அவர் சத்தமே போடாமல் செய்வார் என்பது மீதிப் பாதி. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். பாடகி என்பதால் தொண்டையும் அதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் அண்ணன், “இந்த கிட்டார் இடத்தை அடைக்குது, பரண்ல போட்டுடலாமா?” என்று கேட்டாராம். மறுநாள் அண்ணன் வேலை முடிந்து வந்தபோது அவருடைய உடற்பயிற்சி சைக்கிள் பரணில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதை ஒற்றை ஆளாக எப்படித் தூக்கினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பகலில் அண்ணிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னலுக்கும் மேஜைக்கும் அளவெடுத்துக் கண்ணாடி வெட்டுவார். வைரமுனைக் கட்டரால் ஒரே இழுப்பில் கோடு போட்டு, அடியில் லேசாகத் தட்டினால், கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகும். வார இறுதிகளில் எங்கள் குழுவில் பேஸ் கிட்டார், அதாவது கீழ்ச்சுரம் பேசும் தடித்த கம்பி கிட்டார், வாசிப்பார். கம்பெனி விழா, ஹோட்டல் விருந்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். கீபோர்டு வாசிக்கிறவர்தான் குழுவுக்குத் தலைவர், எல்லாருக்கும் அவர் மாஸ்டர். டிரம்ஸ்காரரை இடி என்று கூப்பிடுவோம். அவர் பேசுவதைக் கேட்டாலே காரணம் புரிந்துவிடும்.

விழுகிற கண்ணாடியைப் பிடிக்கப் போகக் கூடாது என்பதுதான் அந்தத் தொழிலில் முதல் பாடம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே அண்ணிதான். போன வருஷம் ஒருநாள் ஆளுயரக் கண்ணாடி ஒன்று சரிந்தபோது, அவரே கையை நீட்டிப் பிடித்துவிட்டார். வலது கை நடுவிரலில் நரம்பு அறுந்தது. டாக்டர் தைத்துவிட்டார். மாதக்கணக்கில் ரப்பர் பந்தைப் பிசைந்து பிசைந்து விரல் மடங்க ஆரம்பித்தது. பலம் மட்டும் திரும்பி வரவில்லை.

பேஸ் வாசிக்க வலது கையில் இரண்டு விரல் வேண்டும். ஆட்காட்டி விரல் ஒரு அடி, நடுவிரல் ஒரு அடி என்று மாறி மாறிக் கம்பியை இழுக்க வேண்டும். அண்ணிக்கு ஒன்று ‘டம்’ என்று விழுந்தது, அடுத்தது ‘தும்’ என்று முனகியது. ஒரே விரலால் வாசித்துப் பார்த்தார், வேகமான பாட்டுகளில் கை ஓய்ந்துவிட்டது. இடி ஒரு பிக், கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் வில்லை, கொடுத்தார். அதைக் கொண்டு தட்டினால் டிக் டிக்கென்று வேறு ஏதோ கருவி மாதிரி கேட்கிறது என்று அண்ணி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாஸ்டர் நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் கல்லைத் தூக்கிப் போடும்போது மெதுவாகப் போடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

“தப்பா எடுத்துக்காதம்மா,” என்றார் ஒருநாள் பயிற்சி முடிந்ததும். “அடுத்த மாசத்துலேர்ந்து பேஸை நானே கீபோர்டுல இடது கையால வாசிச்சுக்கலாம்னு பாக்கறேன். நீ கையப் பாத்துக்கோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அண்ணி என் காலை மிதித்தார்.

“இந்த மாசக் கடைசியில கம்பெனி விழா இருக்குல்ல மாஸ்டர்? அதுவரைக்கும் நான் வாசிக்கிறேன். அதைக் கேட்டுட்டு சொல்லுங்க.”

மாஸ்டர் சரி என்றார். வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் அண்ணி வந்து நின்றிருப்பார்.

இரண்டு நாள் கழித்து வீட்டில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு, மேலே நாலு குமிழ், காலால் மிதிக்க ஒரு பொத்தான். கம்ப்ரஸர் என்றார் அண்ணி. கிட்டாரிலிருந்து வரும் சத்தத்தில் பலமாக விழுவதை அது அமுக்கும். அமுக்கிய பிறகு மொத்தத்தையும் தூக்கிவிடும். மேடும் பள்ளமும் ஒரு மாதிரி சமமாகும். எவ்வளவு அமுக்குவது, எவ்வளவு சீக்கிரம் பிடிப்பது, எப்போது விடுவது, எவ்வளவு தூக்குவது என்று குமிழுக்கு ஒரு வேலை.

படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி, அண்ணி திருகோ திருகென்று திருகினார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எந்த விரல் எது என்று தெரியவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருந்தது. அண்ணி சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, சளி என்று சொல்லி மூக்கைச் சிந்தினேன்.

அடுத்த பயிற்சியில் மானம் போனது. டயர் கடைக்கு மாடியில் எங்கள் பயிற்சி அறை. இடி முதல் அடியை வைத்ததும் பேஸ் காணாமல் போய்விட்டது. அண்ணியின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, சத்தத்தை யாரோ போர்வை போட்டு மூடிவிட்டார்கள். பாட்டு நின்ற இடைவெளியில் ‘ங்ங்’ என்று ஒரு இரைச்சல் மட்டும் நன்றாகக் கேட்டது.

“என்னம்மா, வாசிக்கிறியா இல்லையா?” என்றார் மாஸ்டர்.

“பெட்டிய வித்துட்டு ஒரு மிக்ஸி வாங்குங்க, சத்தமாவது வரும்,” என்றார் இடி. நான் அவரைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி பெட்டியை மடியில் வைத்துக் குமிழ்களைத் தடவிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் பதற்றம். பேஸ் போனால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். வெட்டிய கண்ணாடியும், சமைத்த சாப்பாடும், என் அண்ணனும். அண்ணனைக் குறை சொல்லவில்லை, ஆனால் அது போதாது. படியேறும்போது அண்ணியே சொன்னார்.

“தனியா உக்காந்து அளவெடுத்தேன். அதுதான் தப்பு. கதவைப் பாக்காம கண்ணாடி வெட்டின கதை.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் இடியைச் சாப்பாட்டைக் காட்டி இழுத்து வந்து, அதே மாடியில் உட்காரவைத்தோம். அவர் அடிக்க, நான் பாட, அண்ணி குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகினார். அமுக்குவதைப் பாதியாகக் குறைத்தார். அடி விழுந்த உடனே பெட்டி பாய்ந்து கழுத்தைப் பிடித்ததால்தான் டிரம்ஸுக்கு நடுவில் பேஸ் அமுங்கியிருக்கிறது. இப்போது அடியின் முனை தப்பித்துப் போகட்டும், பிறகு பிடி என்று வைத்தார். நடுவிரல் அடியைத் தொடாமல், அதற்கு மேலே போவதை மட்டும் பெட்டி அமுக்கியது. மிச்சமிருந்த வித்தியாசத்துக்கு ஆட்காட்டி விரலையே கொஞ்சம் அடங்கி வாசிக்கப் பழக்கினார். இடி ஒரு கட்டத்தில் தானாக நிறுத்திவிட்டு, “இப்ப என் கால் டிரம்மோட சேந்து உதைக்க ஒரு ஆள் கெடச்சாச்சு,” என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

குமிழ்கள் நகராதபடி அண்ணி ஒவ்வொன்றுக்கும் டேப் ஒட்டினார்.

விழா நாளன்று எல்லாமே தாமதம். மேடையில் பூச்செண்டு வைப்பதற்குக் கிடைத்த நேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அரங்கின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்டுக்காரர் ஆளுக்கு இரண்டு சுரம் கேட்டுவிட்டு ஓகே என்று கட்டைவிரலைக் காட்டினார். முதல் பாட்டை ஆரம்பித்தோம்.

பேஸ் மறுபடியும் போர்வைக்குள் போய்விட்டது.

நான் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அண்ணி குனிந்து டேப்பைப் பார்த்தார், எதுவும் நகரவில்லை. காலால் பொத்தானை மிதித்து அணைத்தார். உடனே ‘டம்-தும், டம்-தும்’ என்று பழைய முனகல் வெளியே வந்தது. மறுபடி மிதித்தார். அதற்குள் மாஸ்டரின் இடது கை கீபோர்டின் கீழ்க்கட்டைகளுக்கு இறங்கி பேஸ் வாசிக்கத் தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் வரை காத்திருக்கவில்லை.

பாட்டு முடிந்தது. யாரோ ஒரு அதிகாரி மைக்கைப் பிடித்து நன்றி சொல்ல ஆரம்பித்தார். அண்ணி கிட்டாரைக் கழற்றிச் சாய்த்து வைத்தார். மேடையிலிருந்து இறங்கி, உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நடுவில் நேராக நடந்தார். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, “எங்க போறா இவ?” என்றார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு! நானும் பின்னாலேயே ஓடினேன். அண்ணி போய் நின்றது சவுண்டுக்காரரின் மேஜை முன்னால்.

“அண்ணே, பேஸுக்கு நீங்களும் ஒரு கம்ப்ரஸர் போட்டிருக்கீங்களா?”

“எல்லா பேஸுக்கும் போடுறதுதாம்மா,” என்றார் சவுண்டுக்காரர். “நல்லதுக்குத்தான்.”

“என் காலடியில ஒண்ணு இருக்கு. ரெண்டும் சேந்து அமுக்குது. உங்களோடதை எடுத்துடுங்க.”

“எடுத்துட்டு, சத்தம் ஏறி எறங்கி வந்தா என்னைத் திட்டுவாங்க.”

“ஏறி எறங்காது.” அண்ணி தழும்போடு அந்த விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “இதுக்குன்னு அளவெடுத்து வெச்சிருக்கேன். வந்தா என் பேரைச் சொல்லுங்க.”

அவர் விரலைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், ஒரு பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு ஒன்று அணைந்தது.

இரண்டாவது பாட்டின் முதல் அடி என் உள்ளங்காலில் வந்து ஏறியது. இடி தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். ஆனால் மாஸ்டரின் இடது கை நிற்கவில்லை. இப்போது இரண்டு பேஸ், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. வேறு யாராக இருந்தாலும் மாஸ்டருக்கு வழிவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். அண்ணி கீபோர்டு பக்கமாகத் திரும்பி நின்று, அவர் முகத்தைப் பார்த்தபடியே வாசித்தார். டம் டம் டம் டம். அடி ஒன்றுகூடக் குறையவில்லை. பல்லவி முடிந்து சரணத்துக்குள் நான் நுழையும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். மாஸ்டர் இடது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்து, தொடைமேல் வைத்துக்கொண்டார். என் குரல் உடைந்துவிட்டது. கூட்டம் அதைப் பாட்டின் உருக்கம் என்று நினைத்துக் கைதட்டியது.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் அண்ணி பக்கம் சாய்ந்தார்.

“அடுத்தது அந்த வேகமான பாட்டு. உன் விரலுக்காக அதைத் தூக்கிடலாம்னு நெனச்சேன்.”

“தூக்க வேண்டாம்,” என்றார் அண்ணி. “ஒண்ணு ரெண்டு எண்ணி ஆரம்பிங்க.”