வெறுமையாக ஓடிய மெஷின்

ஜெர்மன் பேசும் கூர் நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில், பாத்திரம் கழுவும் பகுதிக்கு என்னை மாற்றிய முதல் நாளே செஃப்பிடம் ஏச்சு வாங்கினேன். மெஷினுக்குள் ஒரு கோப்பையும் இல்லை. அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியது என்னோடு வேலை செய்த பர்மாக்காரன் மின். அவனுக்கு வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நான் அதைச் சொல்லவும் இல்லை.

பிறகுதான் கவனித்தேன். தன் நாட்டைப் பற்றிக் கதைக்க வாயெடுத்தால் மின்னின் கை தானாகப் பொத்தானுக்குப் போகும். ஆமி, அதாவது இராணுவம், ஆண்ட அவன் ஊரில், அரசியல் கதைக்க முதல் சமையலறைக் குழாயைத் திறந்து விடுவார்களாம். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது. நாங்களும் எங்கள் ஊரில் ரேடியோவைச் சத்தமாகக் கூட்டி வைத்துவிட்டுச் சில கதைகள் கதைத்தவர்கள்தான். மேலே கேட்கத் தேவை இருக்கவில்லை.

2012 அளவில் பர்மா திறக்கிறது என்று ரயிலில் கிடக்கும் இலவசப் பேப்பரிலேயே செய்தி வந்தது. சிறையில் இருந்தவர்களை விட்டார்கள். பத்திரிகைத் தணிக்கையை எடுத்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். என்றாலும் ஆமி தானாக இறங்கி வருவது எப்படி என்று அறிய எனக்குச் சரியான ஆவல். கேட்டுக் கேட்டு மின்னை அரித்தேன். பாராளுமன்றத்தில் கால்வாசி ஆசனம் இன்னும் ஆமிக்குத்தான் என்று அவனே சொன்னான்.

ஒரு நாள் அவன் மெஷினை நிறுத்திவிட்டு, சமையலறை முழுக்கக் கேட்கக் கதைத்தான். எங்கள் இருவரின் ஜெர்மனும் அரைகுறை. தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

“அண்ணை, நான் போறன். அம்மாவைப் பாக்கோணும்.”

“அகதிப் பேப்பர் போயிடுமடா. பிறகு திரும்பி வரேலாது.”

“ஏன் வரோணும்? அதுதான் எல்லாம் திறந்திட்டினமே.”

“திறந்தவை கதவுத் திறப்பை ஆரிட்டைக் குடுத்தவை?”

“உங்களுக்கு வெயிலைக் கண்டாலும் பயம்,” என்று சிரித்தான்.

அகதிப் பேப்பரைத் திருப்பிக் கொடுக்க அந்தக் கிழமையே போவதாக இருந்தான். வீட்டுக்கு ஒரு தரம் ஃபோன் எடு, ஆமியைப் பற்றிக் கேள், அங்கே என்ன சத்தம் வருகிறது என்று பார் என்றேன்.

இடைவேளையில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான். அவன் தம்பி சிரித்துச் சிரித்துக் கதைத்தார். பிறகு தாய் வந்தார். மின் ஏதோ கேட்டான். எனக்குப் பர்மிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் தண்ணீர் விழும் சத்தம் தெரியும்.

இப்போது அது தேவையில்லை, குழாயைப் பூட்டுங்கோ என்று தம்பி சொன்னாராம். தாய் பூட்டவில்லை. மின் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவன் போகவில்லை. அடுத்த வருடம் தாயைத் தாய்லாந்துக்கு வரவழைத்துப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு அங்கே தேர்தல் நடந்து, ஜெயித்தவர்கள் ஆட்சிக்கும் வந்தபோது, என்னை அண்ணை என்பதை விட்டுப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டான். அவனை வீணாக மறித்துவிட்டேனோ என்று பல வருடம் யோசித்தேன்.

2021 பெப்ரவரியில் ஒரு காலை. கொரோனாவால் விருந்தினர் குறைவு, கழுவ ஒன்றும் இல்லை. மின் வந்தான், ஜாக்கெட்டைக் கூடக் கழற்றாமல் பொத்தானை அழுத்தினான். ஆமி திரும்ப எல்லாவற்றையும் பிடித்துவிட்டது என்றான். “அம்மா குழாயைப் பூட்டி ரெண்டு வருசந்தான் அண்ணை.”

இளம் ஆட்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு நாடு திறந்துவிட்டது என்று வாசித்தால், அங்கே ஒரு வீட்டுக்கு ஃபோன் எடுத்துக் கேளுங்கள். பூட்டிய குழாயைக் கண்டாலும், அதைப் பூட்டி எவ்வளவு காலம் என்று கேளுங்கள்.

அன்று காலை சத்தம் கேட்டு செஃப் வந்தார். வெறும் மெஷினைப் பார்த்தார், மின்னைப் பார்த்தார். செய்தி அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெஷினை ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.