கடலைச் சட்டியும் ரிவோல்வர் ஸ்பிரிங்கும்

ரிவோல்வரின் விசை இலகுவானால் என் குறியும் சரியாகிவிடும் என்று நான் மனதார நம்பினேன். டென்மார்க்கின் வைலே நகருக்கு வெளியே இருக்கிற துப்பாக்கி சுடும் கிளப்பில் என் குண்டுகள் எல்லாம் இலக்கின் இடது பக்கம் கீழேதான் போகும். "உன் விரல்தான் பிழை. வெடுக்கென்று இழுக்காதே, மெல்ல அமத்து" என்று ஆயுதங்களுக்குப் பொறுப்பான டேனிஷ் அம்மா சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டா. ஐம்பது தாண்டின விரலைத் திருத்துவதைவிட ரிவோல்வரைத் திருத்துவது லேசு என்று எனக்குப் பட்டது.

ஒரு சாமான் இறுகினால் முதலில் கழற்றுவேன், ஏன் கழற்றினேன் என்று பிறகு யோசிப்பேன். வீட்டுக் கோப்பி மெஷினையும் இப்படித்தான் திருத்தினேன். அது இப்போதும் நன்றாக வேலை செய்கிறது; சுடுதண்ணி மட்டும் தரும்.

அன்றைக்குச் செபமாலை எங்கள் வீட்டில். ஒக்டோபரில் மாதா சுரூபம் தமிழ் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகும், அன்று பின்னேரம் எங்கள் முறை. மனைவி குசினி மேசையைப் பளிச்சென்று துடைத்து, கடலையைத் தாளித்துப் பெரிய சட்டியோடு அதில் வைத்துவிட்டு, சேலை மாற்ற மேலே போனா. துடைத்த மேசை, நல்ல வெளிச்சம், ஆளில்லாத குசினி. எனக்குக் கை துருதுருத்தது.

இரும்பு அலுமாரியைத் திறந்து ரிவோல்வரை எடுத்தேன். குண்டுகள் கிளப்பில்தான் இருக்கும், இது வெறும் துவக்கு. விசையை இலகுவாக்க நான் பார்த்துவைத்த வீடியோவில் ஒருத்தர் பக்க மூடியைச் சட்டி மூடி மாதிரித் தூக்கினார். எனக்கு அது வரமாட்டன் என்றது. நெம்பினேன். 'டிக்' என்றொரு சத்தம், மூக்குக்குப் பக்கத்தால் ஏதோ பறந்த மாதிரி ஒரு உணர்வு. மூடியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே பார்த்தால், வீடியோவில் ஸ்பிரிங் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

நிலத்தில் தேடினேன். சிங்குக்குள் தேடினேன். நிமிர்ந்தபோதுதான் திறந்தபடி இருந்த கடலைச் சட்டி கண்ணில் பட்டது.

கையை உள்ளே விட்டுத் துழாவினேன். தாளித்த வெங்காயம் ஒவ்வொன்றும் ஸ்பிரிங் மாதிரியே சுருண்டு கிடந்தது.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?" மனைவி வாசலில்.

"உப்புப் பாக்கிறன்."

"முழங்கை மட்டுமோ?"

அதற்குள் வாசல் மணி அடித்தது. துவக்கையும் மூடியையும் அள்ளி அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். "கடலை பழுதாப்போச்சு போல" என்று மனைவியின் காதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "இப்பதானே இறக்கினனான்" என்றுவிட்டு மாதாவை வரவேற்கப் போனா. மாதா வாற நாளில் குசினியில் துவக்குக் கழற்றினேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அன்று நான் செபித்த மாதிரி வாழ்நாளில் செபிக்கவில்லை. அருள் நிறைந்த மரியே, அது அடுப்புக்குக் கீழே கிடக்கட்டும். எல்லாரும் பக்தியோடு கண்ணை மூட, நான் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செபம் முடிந்து கடலை வந்தது. ஒவ்வொரு வாயாக மாறிமாறிப் பார்த்தேன். எஸ்பியர்க் நகரிலிருந்து வந்த அண்ணை, அண்மையில்தான் புதுப் பல்லுக் கட்டினவர், ஒரு பிடி அள்ளிப் போட்டார். 'கறுக்' என்றது.

"அண்ணை, துப்புங்கோ."

"என்னத்தையடாப்பா?"

"எல்லாத்தையும். எல்லாரும் துப்புங்கோ. கடலைக்குள்ளை துவக்கு ஸ்பிரிங் கிடக்கு."

எல்லாரும் கடதாசித் துவாய்களுக்காக ஒரு பாய்ச்சல். அண்ணை தன் வாய்க்குள் விரலை விட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தேங்காய்ச் சொட்டு. பல்லுத் தப்பியது.

ஆனால் ஸ்பிரிங் இன்னும் காணோமே. கடலை முழுவதையும் மேசையில் கொட்டினோம். அரிசியில் கல்லுப் பொறுக்குவதுபோல எல்லாரும் சுற்றி நின்று பொறுக்கினார்கள். செபத்தில் கொட்டாவி விட்டவர்களுக்கும் அப்படியொரு உற்சாகம். என் மகள், இவ்வளவு நல்ல செபமாலைக்குத் தான் வந்ததே இல்லை என்று டேனிஷில் சொன்னாள். மனைவி வெறும் சட்டியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தா.

"அடுத்தமுறை பீரங்கி கழட்டேக்கை முன்னமே சொல்லு," என்றார் அண்ணை, "வீட்டிலை சாப்பிட்டிட்டு வாறம்."

ஸ்பிரிங் கிடைக்கவில்லை.

மறுநாள் துவக்கையும் மூடியையும் கிளப்புக்குக் கொண்டுபோய் அந்த டேனிஷ் அம்மாவின் முன்னால் வைத்தேன். அவ மூடியைப் புரட்டினா. அதன் உட்பக்கத்தில், பழைய கிறீஸில் ஒட்டியபடி ஸ்பிரிங் இருந்தது. அது பறக்கவே இல்லை. அதைத் திரும்பப் பூட்டி, விசை எவ்வளவு இறுக்கம் என்று அளக்க அதில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தா. முன்பு இருந்த அதே கனம்.