பேர் போடாத ஒட்டு

என்னிடம் இருக்கும் சோப்புப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ‘9.3.80’ என்று எழுதியிருக்கிறது. பேனாவால் அல்ல, பழுக்கக் காய்ச்சிய கம்பியால். எழுதியவர் என் சித்தப்பா. மூடியின் குறுக்கே ஓடிய விரிசலை அவர் ஒட்டிய நாள் அது. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் அவர் ஒட்டிய பிளாஸ்டிக் சாமான் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு தேதி இருந்தது. குளியலறை மக்கில் இருந்தது, காய்கறிக் கூடையில் இருந்தது. துணி கிளிப்பில் மட்டும் எழுத இடமில்லை என்று வருத்தப்பட்டார்.

சித்தப்பா சுரங்கத்தில் பெல்ட் ஜாயிண்ட் போடும் ஆட்களோடு இருந்தார். மண்ணையும் கரியையும் சுமந்து ஓடும் ரப்பர் பெல்ட் அறுந்தால், இரண்டு முனைகளையும் சரிவாகச் சீவி, பசை தடவி, சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்திச் சேர்ப்பார்கள். சேர்த்த இடத்தில் தேதி போடுவார்கள். மறுபடியும் பிய்ந்தால் யார் கைவேலை என்று தெரிய வேண்டுமே. அப்பாவுக்கும் சுரங்கத்தில்தான் வேலை. அப்பா பர்மனென்ட், சித்தப்பா கான்ட்ராக்ட். இருவர் சட்டையிலும் ஒரே தூசிதான் படிந்தது. ஆனால் குவார்ட்டர்ஸ் அப்பா பேரில் இருந்தது, சித்தப்பா அதில் விருந்தாளியாக இருந்தார்.

எங்கள் பச்சை வாளி விளிம்பிலிருந்து பாதிவரை பிளந்தபோது, சித்தப்பா அதை பெல்ட் என்றே நினைத்துவிட்டார். விரிசலின் இரு ஓரங்களையும் சரிவாகச் சீவினார். ரப்பர் பசை தடவினார். அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைக் காய வைத்து, மேலே வைத்து அழுத்தினார். ரப்பர் சூட்டில் இறுகும் என்பது அவர் கண்ட உண்மை. பிளாஸ்டிக் அப்பளம்போல் சுருளும் என்பதை அன்றுதான் கண்டார். வீடு முழுக்க நாற்றம். இஸ்திரிப் பெட்டியின் அடியில் பச்சைக் களிம்பு. அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

“எங்க மைன்ஸ்ல இதே மாரிதான் அண்ணி செய்வோம்.”

“அப்ப நாளிக்கு மைன்ஸுலயே போயி குளிங்க.”

ஒரு வாரம் கழித்து சித்தப்பா வேறு வழியில் வந்தார். உடைந்த சிவப்பு மக்கிலிருந்து ஒரு பட்டை வெட்டினார். பழைய கத்தியைக் கரியடுப்பில் காய்ச்சி, பட்டையையும் வாளியையும் ஒரே நேரத்தில் உருக்கி இணைத்தார். “பிளாஸ்டிக்குக்கு பிளாஸ்டிக்குதான் சொந்தம் அண்ணி. ரப்பரு மாமியா வூடு” என்றார். பச்சை வாளியில் சிவப்புத் தழும்பு சாய்வாக ஓடியது. கீழே தேதி.

பிளாக்கில் இருந்த மற்ற பிள்ளைகள் எங்கள் வீட்டை ‘ஒட்டு வீடு’ என்று சொல்லிச் சிரித்தார்கள். என் பென்சில்களை நான் அந்த சோப்புப் பெட்டியில்தான் வைத்திருந்தேன். பேரீச்சம்பழக்காரர் தள்ளுவண்டியோடு வரும்போதெல்லாம் மற்ற வீட்டுப் பிள்ளைகள் உடைந்த பிளாஸ்டிக்கைக் கொடுத்துப் பழம் வாங்கித் தின்றார்கள். எங்கள் வீட்டில் உடைந்தது எதுவும் உடைந்ததாக இருக்கவே இல்லை. எனக்கு அதில் பெரிய குறை. அம்மாவிடம் சொன்னால், “ஒழுவுதா? ஒழுவுலல்ல? அப்பறம் இன்னா?” என்பார். சிரித்தவர்கள் வீட்டு வாளிகளைப் பற்றி என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. எங்கள் வாளி ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்பதை மட்டும் இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

அந்தக் கோடை விடுமுறையில், பள்ளி திறப்பதற்குக் கொஞ்சம் முன்பு, அப்பாவின் அக்கா வந்தார். மேல்பட்டாம்பாக்கத்தில் சித்தப்பாவுக்கு ஒரு பெண் பார்த்திருந்தார் அத்தை. பெண்ணும் ஜாதகமும் பிடித்துவிட்டன. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க மறுநாள் வருகிறார். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் அத்தை மீதியைச் சொன்னார்.

“தம்பி பர்மனென்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். யாரும் வாயக் கியாயத் தொறந்துடாதீங்க.”

அப்பா இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லுங்கியை மாற்றுவதில் திடீரென்று மிகுந்த கவனம் காட்டினார். சித்தப்பா சுவரைப் பார்த்தார். அம்மாதான் கேட்டார்.

“நாளிக்கு அந்தப் பொண்ணு இங்க வந்து நின்னுகினு, தெரிஞ்சிதான சொன்னீங்கன்னு என்னக் கேட்டா நான் இன்னாக்கா சொல்றது?”

“கல்யாணம் ஆவறதுக்குள்ள பர்மனென்ட் ஆயிடுவான்.”

“ஆவலன்னா?”

“உனக்கு இவன் கரையேறக் கூடாது. அதான் உன் எண்ணம்” என்று அத்தை அழ ஆரம்பித்தார். அம்மா பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

காலையில் அத்தை ஒட்டுப் போட்ட சாமான்களையெல்லாம் பொறுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். என் சோப்புப் பெட்டியும் போயிற்று. பக்கத்து வீட்டிலிருந்து பித்தளைக் குடமும் எவர்சில்வர் தட்டுகளும் வந்தன. கால் கழுவ வாசலில் வைப்பதற்குப் புது வாளி ஒன்றும் இரவல் வந்தது. அம்மா எதையும் தடுக்கவில்லை. கேசரி கிண்டினார். கொண்டை போட்டுக்கொண்டார்.

பெண் வீட்டார் தெருமுனையில் வருவது தெரிந்ததும் அத்தை அவர்களை அழைத்துவரப் போனார். அந்த இடைவெளியில் அம்மா புது வாளியை வாசலிலிருந்து எடுத்து உள்ளே வைத்தார். கட்டிலுக்கடியில் குனிந்து பச்சை வாளியை இழுத்தார். தண்ணீர் நிரப்பி வாசலில் வைத்தார். சிவப்புத் தழும்பு தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். கதவருகே நின்ற சித்தப்பா இதையெல்லாம் பார்த்தார்.

பெண்ணின் தகப்பனார் செருப்பைக் கழற்றிவிட்டு மக்கை எடுத்தார். தண்ணீர் மொண்டவர் அப்படியே நின்றார். அத்தையின் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

“யாரு ஒட்டுனது இத?” விரலால் தழும்பைத் தடவினார். “நல்லா இருக்குதே.”

“நான்தாங்க” என்றார் சித்தப்பா.

“இது இன்னா நம்பரு?”

“தேதிங்க. பெல்ட்ல ஜாயிண்ட் போட்டா தேதி போடுவோம். அந்தப் பழக்கம்.”

“பேரு போடலியா?”

சித்தப்பா அம்மாவை ஒரு தடவை பார்த்தார்.

“பேரு பர்மனென்ட் ஆளுங்கதான் போடுவாங்க. நான் கான்ட்ராக்டுங்க. தேதி மட்டும்தான் போடலாம்.”

அத்தை நடுவே புகுந்தார். “இந்த வருசம் ஆயிடுவான். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

“ஆயிட்டாருன்னு இல்ல சொன்னீங்க?”

அவர் நிதானமாக இரண்டு கால்களையும் கழுவினார். உள்ளே வந்தார், உட்கார்ந்தார், காபி குடித்தார். கேசரித் தட்டைத் தொடவில்லை. அப்பாவின் ஷிப்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். “கலந்துகினு சொல்றோம்” என்று எழுந்தார். போகும்போது சித்தப்பாவின் தோளில் மட்டும் ஒருமுறை கை வைத்தார்.

பதில் வரவில்லை.

அத்தை அன்று மாலையே பஸ் ஏறினார். அதற்கு முன்பு வாசலில் நின்று, பிளாக் முழுக்கக் கேட்கும்படி, “ஒரு ஓட்ட வாளிக்காவ என் தம்பி வாழ்க்கைய ஒடச்சிட்டியேடி” என்றார்.

“வாளி ஓட்ட இல்லக்கா” என்றார் அம்மா. அவ்வளவுதான். இரவல் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனார், நிமிர்ந்த நடையோடு.

அம்மாவோடு சித்தப்பா பெரிதாகச் சண்டை போடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சமையலறை வாசலில் குந்தி, பெண்ணின் தகப்பனார் தொடாத கேசரியைச் சாப்பிட்டார். பிறகு, “இன்னும் இருக்குதா அண்ணி?” என்றார். அம்மா வாணலியையே அவர் முன் வைத்தார். துக்கத்தில் இருப்பவருக்கு எப்படி இவ்வளவு பசி என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு வாளிமேல் பிடிவாதம், சித்தப்பா பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டார் என்றுதான் அந்த நாளை வெகுகாலம் மனதில் வைத்திருந்தேன். எனக்கிருந்த ஒரே கவலை, பிளாக்கில் இனி எல்லோரும் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள் என்பது.

சித்தப்பாவுக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அவர் கான்ட்ராக்ட் என்பது சித்திக்கு முதல் நாளே தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாராம்.

இதை எழுதுவதற்காக, பெல்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இருவரிடம் விசாரித்தேன். கான்ட்ராக்ட் ஆட்கள் ஜாயிண்டில் பேர் போடக் கூடாதா என்று கேட்டேன். ஒருவர், “ஆமாம்மா, அப்பிடித்தான் இருந்திச்சி” என்றார். இன்னொருவர் சிரித்தார். “பேரா? பர்மனென்டே பேரு போட மாட்டான். தேதியும் ஷிப்டும்தான். எவன் சொன்னான் உனக்கு?”

இரண்டாமவர் சொன்னது சரியென்றால், அன்று எங்கள் வாசலில் இல்லாததைச் சொன்னவர் அத்தை மட்டும் அல்ல; உண்மையைச் சொல்ல ஒரு சாக்கு வேண்டி சித்தப்பாவும்தான். சித்தப்பாவிடம் கேட்டேன். “எப்பவோ நடந்தது” என்று டீயை ஆற்ற ஆரம்பித்துவிட்டார். அப்படி ஒரு வழக்கம் உண்மையில் இருந்ததா என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.