ஐந்தாவது தவளை

பிரியதர்ஷினிக்குக் கண் சும்மா இருக்காது. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எட்டு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பேரிங்காகத் திருப்பிப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்கவேண்டும். அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. மத்திகிரியில் அவளுடைய வாடகை வீட்டுத் தோட்டத்தில், ஓனர் ராமப்பன் மீன் வளர்க்கக் கட்டி மறந்துபோன சின்னக் குளம் ஒன்று இருந்தது. இரண்டு கட்டில் அகலம். அதில் தவளைகள் குடியேறின.

எது எந்த வகை என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விரல் நுனியில் வட்டத் தட்டு கொண்டது மரத்தவளை. உடம்பெல்லாம் பருவாக இருந்தது தேரை. தண்ணீர்மேல் தத்தி ஓடுவது மூன்றாவது. நான்காவது, உள்ளங்கை கொள்ளாத பச்சைத் தவளை. வாயில் அடங்கும் எதையும் விழுங்கும், சின்னத் தவளையையும் விடாது. ஐந்தாவதுதான் பிடிபடவில்லை. கட்டைவிரல் அளவு, பழுப்பு நிறம், கண்ணாடியை நகத்தால் தட்டுவது போன்ற சத்தம். பெங்களூரில் தவளை ஆராய்ச்சி செய்யும் காவியாவுக்கு அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பினாள்.

“வயித்துப் பக்கம் ஒரு படம் வேணுங்க. அது இல்லாம எந்த வகைன்னு சொல்ல முடியாது.”

அந்த ஒரு படத்துக்காக மூன்று வாரம் குளத்தங்கரையில் குந்திக் கிடந்தாள். கிட்டப் போனாலே கல்லிடுக்கில் மறைந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வந்தால், குளம் கலங்கிக் கிடக்கிறது. கல்லெல்லாம் புரண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு முனவர் பேகம் மதில்மேல் எட்டிப் பார்த்தாள்.

“உங்க ஓனரு ஆளுங்க வந்தாங்க. மழைக்குத் தவளைக் கல்யாணமாம். பெருசு ஒண்ணு, பொடிசு ஒண்ணு பிடிச்சுட்டுப் போனாங்க.”

“பொடிசு என்ன கலரு அக்கா?”

“மண்ணு கலரு.”

பிரியதர்ஷினி செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கோயிலுக்கு ஓடினாள். கோயில் முன்னால் பந்தல், மேளம், வெற்றிலைத் தட்டு. வாயில் மஞ்சள் துணி கட்டிய பித்தளைக் குடத்துக்குள் மணமக்கள்.

“ஓனரே, ரெண்டையும் ஒரே குடத்துலயா போட்டீங்க? பெருசு சின்னதைத் தின்னுடும்.”

“கட்டிக்கப்போறவனைத் தின்னுமாம்மா?” என்றார் ராமப்பன். கூட்டம் சிரித்தது.

“அதுங்க ஒரே ஜாதிகூட இல்ல. குடத்தைத் தொறங்க.”

“பார்றா, கலப்புக் கல்யாணம்” என்றான் மேளக்காரன். மறுபடி சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை. “ஏரிக்கு வர்ற கால்வாய்மேல மனை போட்டு வித்தது நீங்க. பேஞ்ச மழையே ஏரிக்குப் போகல. இதுல தவளை கழுத்துல தாலி கட்டினா தண்ணி வந்துடுமா?”

சிரிப்பு நின்றது. ராமப்பன் முகம் கறுத்தது. “வீட்டக் காலி பண்ணிட்டுப் பேசும்மா” என்று சொல்லி, தாலியை எடுத்துவரச் சொன்னார். பூசாரி துணியை அவிழ்த்தார்.

குடத்துக்குள் பெண் மட்டும் இருந்தது. வாயோரத்தில் ஒரு பழுப்புக் கால் தொங்கியது. பெண் கண்ணை அழுத்தி மூடி, மெதுவாக அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

மேளம் அடங்கிவிட்டது. “வேற மாப்பிள்ள பிடிச்சுட்டு வாங்கடா” என்றார் ராமப்பன்.

பிரியதர்ஷினி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். யாரும் மறிக்கவில்லை. பெரியதைத் தூரத்துக் குட்டை ஒன்றில் விட்டாள்.

அன்றிலிருந்து குளத்தில் அந்தச் சத்தம் இல்லை. இருந்தது அந்த ஒன்றுதானா? தின்னும் குணம் தெரிந்த பெரியதை முன்பே ஏன் வேறிடத்தில் விடவில்லை? பேரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இதே கேள்வி. இரண்டு கீறல் பேரிங் அவள் கையைத் தாண்டிப் போக, சூப்பர்வைசரிடம் ஏச்சும் வாங்கினாள்.

அடுத்த புதன்கிழமை நண்பகலில் மழை கொட்டியது. ராமப்பன் தெருவில் நின்று, “பாத்தியாம்மா?” என்றார்.

“மாப்பிள்ள இல்லாமலேவா ஓனரே?”

அந்த வாரம் அவளுக்கு இரண்டாம் ஷிப்ட். தூறலில் டிபன்பாக்ஸோடு வாசலுக்கு வந்தவள் நின்றுவிட்டாள். தோட்டத்தில் நகத்தால் கண்ணாடியைத் தட்டும் சத்தம். ஒன்று. எதிர்மூலையிலிருந்து இன்னொன்று.

முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. லீவு போட்டால், மாதம் முழுக்க வருபவர்களுக்குத் தரும் வருகைப்படி போகும்.

டிபன்பாக்ஸை மதில்மேல் வைத்துவிட்டு யூனிஃபார்மோடு குளத்தில் இறங்கினாள். முழங்கால்வரை சேறு. மூன்றாவது முறை கை மூடியபோது உள்ளே ஏதோ துடித்தது. மெல்லத் திருப்பினாள். வெள்ளை வயிறு, தொண்டை மட்டும் கறுப்பு. தவளை துடித்ததில், போனில் எடுத்த முதல் படம் கலங்கியிருந்தது. பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி எடுத்தாள்.