மூடுபனிக்குள் ஒரு குரல்

அத்தானைக் காணவில்லை என்ற செய்தி மெர்லிமாவுக்கு அருகே இருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவர் போய்ப் பத்து நாளாகியிருந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரப் பட்டாளம் மோதிய அவசரகாலம்; கடிதம்கூடத் தயங்கித் தயங்கித்தான் வரும். அக்காவை அழைத்துவரப் புறப்பட்ட அப்பா, எட்டு வயதுப் பெண்ணான என்னையும் கூட்டிக்கொண்டார். என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. என் முகத்தைப் பார்த்தால் மறுக்காமல் வந்துவிடுவாள் என்பது அவர் நினைப்பு. எனக்கோ ரயிலில் போகப்போகிறோம் என்ற சந்தோஷம்.

ரயிலை விட்டு இறங்கி லாரியில் ஏறினோம். முன்னும் பின்னும் ராணுவ வண்டிகள் காவலுக்கு வர, லாரிகள் வரிசையாகக் கேமரன் மலை ஏறின. காது அடைத்தது. வரிசையாக நட்ட ரப்பர் மரங்களையே பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காடு மிரட்சியாக இருந்தது. பெரணிச் செடிகள்கூட மரமாக வளர்ந்திருந்தன. மற்ற மரங்களோ குள்ளமும் கோணலுமாக, அடியிலிருந்து நுனிவரை ஈரப்பாசியை உடுத்தி நின்றன. குட்டிக் குட்டிக் குடங்கள் தொங்கிய ஒரு கொடியைக் காட்டி, அதற்குள் விழுந்த பூச்சி வெளியே வராது என்றார் லாரிக்காரர். ஒன்று பறித்துத் தரச்சொல்லி அடம்பிடித்து அப்பாவிடம் அடி வாங்கினேன்.

அக்கா இருந்த தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளைச் சுற்றி முள்வேலி. வேலிக்கு வெளியே மரங்களை வெட்டிச் சாய்த்த வெட்டவெளி. அதற்கப்பால் பாசிக்காடு. மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிக் காட்டை அழித்துவிடும். ஓடிப்போன மாட்டைத் தேடி அத்தான் அதற்குள்தான் போயிருந்தார். மூன்றாம் நாள் மாடு தானாக வந்துவிட்டது. அவர் வரவில்லை. புலி என்றார்கள் சிலர். காட்டில் ஒளிந்திருந்த துப்பாக்கிக்காரர்கள் என்றார்கள் சிலர். ரோந்து போன பட்டாளத்தின் குண்டு என்றவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அழவில்லை.

"கெளம்பும்மா," என்றார் அப்பா.

"மாட்ட யாரு பாக்குறது?"

"வித்துப்புடலாம்."

"அவரு வந்து கேட்டா?"

இரண்டு நாள் இப்படியே போயிற்று.

மறுநாள்தான் முதல்முறையாக அதிகாலையிலேயே எழுந்து வேலியோரம் போயிருந்தேன். வேலி விளக்குகளில் மோதிச் செத்த அந்துப்பூச்சிகள் அங்கே கிடக்கும்; சில என் இரண்டு கை அகலம். பாவாடையில் பொறுக்கிக்கொண்டிருந்தபோது காட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் அடித்தொண்டையில் ஓர் உறுமல். பிறகு மலையெல்லாம் எதிரொலிக்க நீண்ட கூவல். யாரோ ஆளைக் கூப்பிடுவதுபோலவே இருந்தது. பூச்சிகளைக் கொட்டிவிட்டு ஓடினேன்.

"அக்கா! அத்தான் கூப்புடுறாரு! காட்டுலேருந்து கூப்புடுறாரு!"

பால் கறந்துகொண்டிருந்தவள் எழுந்தாள். செம்பு கவிழ்ந்தது. கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்காக வேலிக் கதவு திறந்திருந்தது. அவர்களைச் சோதித்துக்கொண்டிருந்த காவலர்களைத் தாண்டி, வெட்டவெளியில் காட்டை நோக்கி ஓடினாள்.

"பெர்ஹெந்தி! பெர்ஹெந்தி!" நிற்கச் சொல்லிக் கத்திய காவலன் வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்தான். காட்டில் அந்தக் குரல் சட்டென்று அடங்கியது. அக்கா நிற்கவில்லை. அவன் துப்பாக்கியைத் தாழ்த்தி அவள் முதுகுக்குக் குறிவைத்தான். அப்பா கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே விழுந்தார்.

"ஜாங்கான் துவான்! சுடாதீங்க! எம் பொண்ணுங்க, எம் பொண்ணு!"

அதற்குள் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் ஓடிப்போய்க் காட்டோரத்தில் அவளைப் பிடித்துவிட்டார்கள். கன்னம் கீறி, காலெல்லாம் சேறாக அவளை நடத்திக்கொண்டு வந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "அது சியாமாங் பாப்பா. கறுப்புக் கொரங்கு. தெனம் காலைல கத்தும்லா," என்றாள்.

அன்றே மலையிறங்கினோம். மாட்டைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். அத்தானின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அக்கா எங்களோடு இருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்தாள். வேறு கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. நான்தான் அவளை ஏமாற்றிச் சாவின் வாசல்வரை ஓடவைத்தேன் என்று வருஷக்கணக்காக அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கப் பயந்தேன்.

அந்த மலையில் அவள் இரண்டு வருஷம் குடியிருந்தவள். விடிந்தால் அந்தக் குரங்குகளின் கூவலைக் கேட்டுக்கொண்டேதான் பால் கறந்தாள். அது என்ன குரல் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், அத்தான் போன வழியே போய்விடத்தான் ஓடினாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.